கேபிளை மாற்றுமுன் கணக்குப் பாருங்கள்!

(நமது டோம்பிவிலி நிருபர்)

மும்பையிலும் புறநகரிலும் இப்போது காலையில் கதவைத் திறந்தால் பால் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டீசு கிடக்கிறது. "டெலிவிஷன், இன்டர்நெட், டெலிபோன் மூன்றும் ஒரே ஒயரில்! ஒரே பில்! இணைப்பு இலவசம்!" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அடியில் பொடி எழுத்தில் இரண்டு வரி இருக்கும். கொட்டை எழுத்து இந்தியில். பொடி எழுத்து ஆங்கிலத்தில். பணம் பிடிக்கிற சங்கதி எல்லாம் அந்தப் பொடி எழுத்தில்தான் ஒளிந்திருக்கிறது.

மாதுங்கா, சயான் கோலிவாடா, தாராவி, செம்பூர், முலுண்டு, டோம்பிவிலி, கல்யாண், அம்பர்நாத் என்று தமிழர் வாழும் பகுதி எங்கும் இதே பேச்சு. பழைய கேபிளை விட்டுவிடலாமா? கூரையில் டிஷ் போடலாமா? அல்லது இன்டர்நெட் இணைப்பு வாங்கி, அதிலேயே டி.வி.யும் பார்த்துக்கொள்ளலாமா?

ஊரில் இருப்பவர்களுக்கு இது சாதாரண விஷயம். மதுரையில் எந்தக் கேபிளைப் போட்டாலும் தமிழ் வரும். இங்கே அப்படி அல்ல. கேட்டால்தான் வரும். எதைக் கேட்பது என்று தெரிந்து கேட்டால்தான் முழுதாக வரும்.

மகனும் மருமகளும் காலை லோக்கலைப் பிடித்துப் போய்விடுகிறார்கள். பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விடுகிறார்கள். மாலை 7 மணி வரை வீட்டில் ஒண்டியாக இருக்கும் தாயாருக்குப் பக்கத்து வீட்டு மராத்தியும் புரியாது, எதிர் வீட்டுக் குஜராத்தியும் புரியாது. அவருக்குத் தமிழ் பேசும் துணை அந்தப் பெட்டி ஒன்றுதான். அதே வீட்டில் பிள்ளைகளுக்கு இன்டர்நெட் நின்றால் பாடம் நின்றுவிடும். மாதம் இருநூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய், இந்த இரண்டில் ஒன்றை வாரக்கணக்கில் இழந்து தவித்த வீடுகள் நம்மவர் மத்தியில் பல உண்டு.

ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்தார்கள்

பழைய மும்பைத் தமிழர்களைக் கேட்டால் ஒரு கதை சொல்வார்கள். பம்பாய் தூர்தர்ஷன் நிலையம் 1972 அக்டோபர் 2-ந் தேதி தொடங்கியது. ஆனால் அதில் தமிழுக்கு என்ன வேலை? 1980-களில் ஞாயிறு பகலில் மாநில மொழிப் படம் ஒன்று போடுவார்கள். வங்காளி, மலையாளம், அசாமி எல்லாம் முறை வைத்து வந்து, தமிழ் எப்போது வரும் என்று காத்திருக்க வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை டி.வி. உள்ள வீட்டில் உட்கார இடம் கிடைக்காது.

பிறகு கேபிள் வந்தது. ஆரம்பத்தில் அது வேறொன்றும் இல்லை. ஒரு வீட்டில் வீடியோ டெக்கை ஓடவிட்டு, அதிலிருந்து நாலு மாடிக் கட்டிடத்துக்கு ஒயர் இழுப்பார்கள். 1991-ல் வளைகுடாப் போர் நடந்தபோது வெளிநாட்டுச் செய்தியை நேரடியாகப் பார்க்க எல்லாரும் ஆசைப்பட்டார்கள். மொட்டைமாடிகளில் பெரிய பெரிய டிஷ்கள் முளைத்தன. 1993 ஏப்ரல் 14-ந் தேதி தமிழ்ப் புத்தாண்டு அன்று சன் டி.வி. தொடங்கியது. அதன்பின் தமிழர் பகுதிகளில் கேபிள்காரர்களின் முதல் வாடிக்கையாளர்கள் நம்மவர்கள்தான்.

கேபிளை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1995-ல் வந்தது. ஆனாலும் அன்றைக்கு ஒயரில் எல்லாச் சேனலும் கலந்து வந்தன. எது தமிழ், எது இந்தி என்ற பேதம் இல்லாமல், கேபிள்காரர் கேட்ட ஒரே தொகையைக் கொடுத்தால் போதும். 2012 அக்டோபர் 31-ந் தேதியோடு மும்பையில் அந்தக் கதை முடிந்தது. டெல்லி, கொல்கத்தாவோடு மும்பையிலும் செட்டாப் பாக்ஸ் இல்லாமல் கேபிள் இல்லை என்று அரசு தீர்மானித்த கெடு நாள் அது. மற்ற ஊர்களிலும் 2017-க்குள் படிப்படியாக இது நடந்து முடிந்தது. பாக்ஸ் வந்த பிறகு யார் வீட்டில் எந்தச் சேனல் திறக்க வேண்டும், எதைப் பூட்ட வேண்டும் என்பது கம்பெனியின் கைக்குப் போய்விட்டது. தமிழ் பூட்டப்பட்டதும் அப்போதுதான்.

"சவுத் பேக்" என்ற மூட்டை

2019-ல் டிராய் எனப்படும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் ஒரு புது ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. பார்க்கிற சேனலுக்கு மட்டும் பணம் கொடுத்தால் போதும். ஒவ்வொரு கட்டணச் சேனலுக்கும் தனி விலை போட வேண்டும். வேண்டியதைத் தனித்தனியாக எடுத்துக்கொள்ளும் உரிமை பார்ப்பவருக்கு உண்டு என்பது அதன் சாரம்.

ஒயருக்கும் பாக்ஸுக்குமான அடிப்படைக் கட்டணம் 130 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்று அப்போது உச்சவரம்பு வைத்தார்கள். அந்த ஆண்டு சன் டி.வி.யின் விலை 19 ரூபாய். விஜய் டி.வி. 17 ரூபாய். இரண்டை மட்டும் எடுத்தால் 130-உம் 36-உம் சேர்ந்து 166. அதன்மேல் ஜி.எஸ்.டி. நூற்றுக்கு 18 வீதம் 29 ரூபாய் 88 காசு. ஆக மொத்தம் 195 ரூபாய் 88 காசு. இலவசச் சேனல்களும் அதிலேயே அடங்கிவிடும். தூர்தர்ஷனின் தமிழ்ச் சேனல் பொதிகையும் இலவசம். அதற்கு 2024 முதல் டிடி தமிழ் என்று பெயர்.

ஆனால் நம் வீடுகளுக்கு வந்த பில் எவ்வளவு? முந்நூறு, முந்நூற்றைம்பது. காரணம், யாரும் தனித்தனியாகக் கேட்கவில்லை. பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும்.

"அண்ணாச்சி, நமக்குத் தமிழ் மட்டும் போதும். மத்தது வேண்டாம்."

"அப்படி எல்லாம் வராது தம்பி. சவுத் பேக்னு ஒண்ணு இருக்கு, அதுல தமிழ் இருக்கு. கூட இந்தி பேக் போட்டாத்தான் அது ஓடும்."

இந்தச் "சவுத் பேக்" என்பதைப் பிரித்துப் பார்த்தால் அதில் தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் நாலும் இருக்கும். பம்பாய்க் கம்பெனிக்குத் தெற்கு என்றால் எல்லாம் ஒன்றுதான். டோம்பிவிலியில் இருக்கும் தமிழ்க் குடும்பம், பார்க்காத மூன்று மொழிக்கும், அதற்கு மேல் இந்தி மூட்டைக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறது. கேபிள்காரர் பொய் சொல்கிறார் என்று சொல்ல முடியாது. அவருக்குக் கம்பெனி கொடுத்த பட்டியலில் மூட்டைகள்தான் பெரிதாக இருக்கும். தனிச் சேனல் போடுவதற்கு அவருக்கு வேலை அதிகம், வரும்படி குறைவு. ஆனாலும் தனியாகக் கேட்டால் தர வேண்டும் என்பது விதி. கம்பெனியின் செயலியிலோ வாடிக்கையாளர் எண்ணிலோ நேரடியாகக் கேட்டால் தனிச் சேனல் கிடைக்கிறது. ஆகவே பலர் கேபிளையே மாற்ற வேண்டியதில்லை. மூட்டையை அவிழ்த்தால் போதும்.

இங்கே ஒரு புது விஷயத்தையும் சொல்ல வேண்டும். 130 ரூபாய் என்ற அந்த உச்சவரம்பை 2024 ஜூலையில் டிராய் எடுத்துவிட்டது. அடிப்படைக் கட்டணத்தைக் கம்பெனிகள் இஷ்டம்போல் வைத்துக்கொள்ளலாம்; ஆனால் அதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். ஆகவே "எல்லாக் கம்பெனியும் ஒரே ரேட்டுதானே" என்று இனிமேல் சும்மா இருக்க முடியாது. இரண்டு கம்பெனியின் விலைப் பட்டியலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் இப்போதுதான் உண்மையான லாபம் இருக்கிறது.

ஜன்னல் எந்தப் பக்கம்?

டிஷ் வைக்க நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது விலையை அல்ல, ஜன்னலை. டி.வி. ஒலிபரப்பும் செயற்கைக்கோள்கள் பூமத்திய ரேகைக்கு நேர்மேலே நிற்கின்றன. மும்பையிலிருந்து பார்த்தால் அவை தெற்கிலும் தென்கிழக்கிலும்தான் இருக்கும். வடக்கு ஜன்னல் மட்டும் உள்ள வீட்டில் டிஷ் வைத்துப் பயனில்லை. தென்புறத்தில் 20 மாடிக் கட்டிடம் எழும்பிவிட்டாலும் அதே கதிதான். அப்போது மொட்டைமாடிக்குப் போக வேண்டும். மொட்டைமாடி சொசைட்டிக்குச் சொந்தம். செயலாளரின் சம்மதம் வேண்டும். வாடகைக்கு இருப்பவர் என்றால் வீட்டுக்காரரின் சம்மதமும் வேண்டும்.

அடுத்தது மழை. ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பை மழை எப்படி என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெருமழையில் அலைவரிசை வலுவிழந்து படம் கட்டம் கட்டமாக உடையும். சில நேரம் அடியோடு நின்றுவிடும். மழை விட்டதும் தானே வரும். இது டிஷ்ஷின் பழுது அல்ல, அதன் இயல்பு. இதற்காக மெக்கானிக்கைக் கூப்பிட்டு முந்நூறு ரூபாய் கொடுப்பது வீண்.

மாதக் கட்டணமே இல்லாத தூர்தர்ஷனின் ப்ரீ டிஷ் பற்றியும் பலர் விசாரிக்கிறார்கள். டிஷ்ஷும் பாக்ஸும் வாங்க ஒருமுறை செலவு, அவ்வளவுதான். 2004 முதல் நடக்கிறது. ஏழைக் குடும்பங்களுக்கு நல்ல ஏற்பாடு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அதில் வரும் தனியார் சேனல்களில் பெரும்பகுதி இந்தி. டிடி தமிழ் வரும். நம் வீட்டுப் பெண்கள் பார்க்கிற தொடர்கள் வரும் பெரிய தமிழ்ச் சேனல்களை அதில் எதிர்பார்த்து வாங்கினால் ஏமாற்றம்தான்.

டிஷ் வியாபாரமே இப்போது இறங்குமுகம். டிராய் கணக்குப்படி 2020 கடைசியில் சுமார் 7 கோடியே 10 லட்சமாக இருந்த கட்டண டிஷ் இணைப்புகள் 2024 மார்ச்சில் சுமார் 6 கோடியே 20 லட்சமாகக் குறைந்தன. கேபிளுக்கும் இதே கதி. போனவர்களில் பலர் நெட்டுக்குத்தான் போனார்கள்.

நெட்டில் வரும் டி.வி.

பைபர் என்பது கண்ணாடி நூல். அதில் மின்சாரம் போவதில்லை, ஒளி போகிறது. ஆகையால் பழைய செம்பு ஒயரைப் போல மழை ஈரத்தில் கரகரக்காது. வேகமும் பல மடங்கு. இதில் மறுபேச்சில்லை. ஆனால் விளம்பரத்தில் போடும் எண்களைப் புரிந்துகொள்ள வேண்டும்.

100 எம்.பி.பி.எஸ். என்றால் வினாடிக்கு 100 எம்.பி. இறங்கும் என்று நினைக்கிறார்கள். அப்படி அல்ல. அது பிட் கணக்கு. எட்டால் வகுத்தால் வினாடிக்குப் பன்னிரண்டரை எம்.பி. அதுவே தாராளம். எச்.டி. படம் ஒன்று ஓட 5 எம்.பி.பி.எஸ். போதும். ஒரு அறையில் தாயார் தொடர் பார்க்க, இன்னொரு அறையில் மகள் பாடம் கேட்க, மருமகள் ஆபீஸ் மீட்டிங்கில் இருக்க, 30 அல்லது 40 எம்.பி.பி.எஸ். திட்டமே நாலு பேர் குடும்பத்துக்குப் போதுமானது. 300 எம்.பி.பி.எஸ். வாங்கி, ரவுட்டரைச் செருப்பு அலமாரிக்குப் பின்னால் வைத்தால் உள் அறையில் பத்துகூட வராது. குற்றம் கம்பெனியுடையது அல்ல, சுவருடையது. இதைச் சொல்லாமல் மேலும் பெரிய திட்டத்தை விற்பவர்கள் உண்டு.

விலையிலும் இதே கண்கட்டு. 499 ரூபாய் என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் கையிலிருந்து போவது 588 ரூபாய் 82 காசு. "இணைப்பு இலவசம்" என்றால் பெரும்பாலும் ஆறு மாதமோ ஒரு வருடமோ முன்பணம் கட்டுகிறவருக்குத்தான். மாதாமாதம் கட்டுகிறவரிடம் இணைப்புக் கட்டணமோ ரவுட்டர் டெபாசிட்டோ வாங்குவார்கள். வாடகை வீட்டில் பதினொரு மாத ஒப்பந்தத்தில் இருப்பவர், ஏழு மாதம் ஓடிய பிறகு ஒரு வருடத்துக்குப் பணம் கட்டுவது புத்திசாலித்தனமா? தாராவியில் இருப்பவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். மறுசீரமைப்புத் திட்டத்தில் எப்போது, எங்கே மாற வேண்டிவரும் என்று தெரியாத நிலையில், மூன்று மாதத்துக்கு மேல் முன்பணம் கட்ட வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

"20 செயலி இலவசம்" என்பதையும் தமிழ்க் கண்ணோடு பார்க்க வேண்டும். எண்ணிக்கை முக்கியம் அல்ல. சன் டி.வி. தொடர்கள் சன் நெக்ஸ்டில் வருகின்றன. விஜய் டி.வி. நிகழ்ச்சிகள் ஜியோஹாட்ஸ்டாரில், 2025 பிப்ரவரியில் இரண்டு செயலிகள் ஒன்றாகி வந்த பெயர் அது. ஜீ தமிழ் என்றால் ஜீ5. வீட்டில் யார் எதைப் பார்க்கிறார்கள் என்று கேட்டு, அந்தச் செயலி பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். பெயர் தெரியாத பதினேழு செயலிகள் இருந்து என்ன பயன்?

நெட் டி.வி.யில் இன்னொரு சங்கடம். பழைய செம்பு ஒயர் டெலிபோனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் வந்தது. வீட்டில் கரண்ட் போனாலும் போன் பேசும். பைபரில் அது நடக்காது. கரண்ட் போனால் பெட்டி அணையும்; நெட், டெலிபோன் இரண்டும் ஒரே நேரத்தில் போகும். ரவுட்டருக்கென்றே சின்ன யு.பி.எஸ். கடைகளில் கிடைக்கிறது. தனியாக இருக்கும் பெரியவர் அவசரத்துக்கு அந்த டெலிபோனை நம்பியிருந்தால் இதை வாங்கி வைப்பது அவசியம். இல்லாவிட்டால் கையில் சாதாரண செல்போன் ஒன்று சார்ஜோடு இருக்க வேண்டும்.

செல்போனுக்கு உண்டு, நெட்டுக்கு இல்லை

செல்போன் கம்பெனியை மாற்றுவது இப்போது சுலபம். 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுவதும் எண்ணை மாற்றாமல் கம்பெனியை மாற்றலாம். 1900 என்ற எண்ணுக்கு ஒரு எஸ்.எம்.எஸ்.; 2019 டிசம்பர் முதல் ஒரே வட்டாரத்துக்குள் 3 வேலை நாளில் முடித்துத் தர வேண்டும் என்று விதி. தாராவியில் ஓர் அறையில் ஐந்தாறு பேராகத் தங்கி வேலை பார்க்கும் இளைஞர்களுக்கு டி.வி., நெட் எல்லாம் அந்தச் செல்போன்தான். அவர்கள் பெயரில் முகவரிச் சான்று இல்லை, ஒயர் இணைப்பு கிடைப்பது சிரமம். அவர்களுக்கு இந்த விதி பெரிய உபகாரம்.

ஆனால் வீட்டு ஒயர் இணைப்புக்கும் கேபிளுக்கும் அப்படி ஒரு ஏற்பாடு இல்லை. பழைய இணைப்பு தானாக மூடாது, லேண்ட்லைன் எண் கூட வராது. ஒரு கம்பெனியின் பாக்ஸ் இன்னொரு கம்பெனிக்கு ஓடாது. செல்போனில் சிம் மாற்றுவது போல பாக்ஸிலும் கார்டை மட்டும் மாற்றிக்கொள்ள வழி செய்ய வேண்டும் என்று டிராய் 2020 ஏப்ரலில் அரசுக்குச் சிபாரிசு செய்தது. பரணில் கிடக்கும் பழைய பாக்ஸ்களே அது எவ்வளவு நியாயமான சிபாரிசு என்பதற்குச் சாட்சி.

மேலும் சில சொசைட்டிகளில் ஒரே கம்பெனிதான் உள்ளே வரலாம். செயலாளரும் அந்தக் கம்பெனியும் பேசி முடித்திருப்பார்கள். விளம்பரத்தைப் பார்த்து முன்பணம் கட்டிவிட்டு, ஒயர் இழுக்க ஆள் வந்தபோது வாட்ச்மேன் தடுத்தால் அலைச்சல்தான் மிச்சம். பணம் கட்டுமுன் சொசைட்டி ஆபீசில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ரசீது பேசும்

ரெயில்வே டிக்கெட்டை ரத்து செய்தால் எத்தனை மணி நேரத்துக்கு முன் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதற்கு அட்டவணை உண்டு. கவுண்டரில் நிற்பவர் என்னோடு சண்டை போட்டாலும் அட்டவணையோடு சண்டை போட முடியாது. இந்த நெட் கம்பெனிகள் இணைப்பு கொடுக்கும்போது காட்டும் சிரிப்பும், இணைப்பை மூடச் சொல்லும்போது காட்டும் முகமும் வேறு வேறாக இருப்பதற்குக் காரணம், கண்ணுக்கு எதிரே அட்டவணை இல்லாததுதான்.

என் வீட்டில் சென்ற ஆண்டு மாற்றினோம். பழைய கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம். இணைப்பை மூடச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். நகலில் முத்திரை வாங்கினேன். ரவுட்டரைத் திருப்பிக் கொடுத்து, அதன் அடியில் உள்ள எண்ணை எழுதி ரசீதும் பெற்றேன். ஆபீசில் பழகிய பழக்கம். அதற்குப் பிறகும் மூன்று மாதம் பில் வந்தது. நாலாவது மாதம் வசூல் ஏஜெண்டு என்று ஒருவர் போன் செய்து, வக்கீல் நோட்டீசு வரும் என்றார். அம்மா பயந்துவிட்டார். "எடுத்துக் கட்டிரேன்டா, போலீஸ் வந்திராம" என்று இரண்டு நாள் அதே பேச்சு. வீட்டில் தனியாக இருக்கும் பெரியவர்களிடம் இப்படி மிரட்டிப் பணம் வாங்கிய கதைகளைப் பிறகு பலர் சொன்னார்கள்.

முதலில் கம்பெனியின் புகார் எண்ணில் பதிவு செய்தேன். ஒரு புகார் எண் கொடுத்தார்கள். பதில் இல்லை. பிறகு அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு முத்திரை போட்ட நகலையும் ரவுட்டர் ரசீதையும் இணைத்து எழுதினேன். மூன்று வாரத்தில் பில் ரத்தானது. டெபாசிட் 1,500 ரூபாய் பாங்கியில் வந்து சேர்ந்தது. அந்த இரண்டு காகிதம் இல்லாவிட்டால் நான் சொல்வதை யார் கேட்பார்கள்?

இந்த மேல்முறையீட்டு வழி எல்லாருக்கும் உண்டு. 2012-ல் டிராய் போட்ட விதி அது. இன்டர்நெட், டெலிபோன் கம்பெனி ஒவ்வொன்றும் புகார் மையமும், அதற்கு மேலே ஒரு மேல்முறையீட்டு அதிகாரியும் வைத்திருக்க வேண்டும். மேல்முறையீட்டை 39 நாளுக்குள் முடிக்க வேண்டும். இணைப்பை மூடிய பிறகு டெபாசிட்டை 45 நாளுக்குள் திருப்ப வேண்டும் என்று 2024-ல் வந்த விதி சொல்கிறது. தனி நபர் புகாரை டிராயே எடுத்து விசாரிக்காது. அங்கே எழுதிக் காத்திருப்பது காலவிரயம்.

அதிலும் தீராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. நுகர்வோர் கோர்ட்டும் இருக்கிறது. டெலிபோன் தகராறுக்கு நுகர்வோர் கோர்ட்டு போக முடியாது என்று 2009-ல் வந்த ஒரு தீர்ப்பைக் காட்டிப் பல காலம் கம்பெனிகள் தப்பித்தன. போகலாம் என்று 2022 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு தெளிவாகச் சொல்லிவிட்டது. ஏஜெண்டு மிரட்டினால் இதைச் சொல்லிப் பாருங்கள். குரல் இறங்கும்.

கேபிள்காரர் என்ற மனிதர்

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. தமிழர் பகுதிகளில் கேபிள் நடத்துகிறவர்களில் நம்மவர்களும் உண்டு. 2020-ல் ஊரடங்கில் கூலி நின்றுபோன வீடுகளில் மூன்று மாதம், நாலு மாதம் பணம் கேட்காமல் ஒயரை வெட்டாமல் விட்டவர்கள் இவர்கள். இரவு 10 மணிக்குப் போன் செய்தாலும் ஏணியோடு வருவார்கள். பெரிய கம்பெனிக்குப் போன் செய்தால் "இந்திக்கு 1-ஐ அழுத்தவும்" என்று ஒரு பெண் குரல் வரும். அதில் தமிழ் எந்த எண் என்று கண்டுபிடிப்பதற்குள் பாட்டிகள் போனை வைத்துவிடுவார்கள்.

வெறும் ஐம்பது ரூபாய் வித்தியாசத்துக்காக இந்த மனிதரை விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. பல கேபிள்காரர்கள் இப்போது தாங்களே பைபர் நெட்டும் கொடுக்கிறார்கள். வேகம் நன்றாக இருந்து, ரசீதும் கொடுத்தால் அவரிடமே வாங்கலாம். ஆனால் வாரத்துக்கு இரண்டு நாள் நெட் நிற்கிறது, கேட்டால் "நாளைக்கு", ரசீது கேட்டால் "எதுக்குத் தம்பி, நமக்குள்ள" என்றால், உறவு வேறு, ஒயர் வேறு.

மாற்றும் நாளில்

பழையதை மூடிவிட்டுப் புதியதைக் கேட்பதுதான் பலர் படும் பாட்டுக்குக் காரணம். "நாளைக்கே வந்து போட்டுத் தருவோம்" என்பார்கள். ஒயர் இழுக்க மரம் தடையாக இருக்கும், அல்லது சொசைட்டி அனுமதி வராது. பத்து நாள் போகும். பள்ளித் தேர்வு நேரத்தில் இது நடந்தால் என்ன ஆகும்? ஆகவே புதியது வந்து, ஒரு வாரம் ஓடட்டும். அந்த வாரத்தில் இரவு 8 மணி முதல் 10 மணி வரை பாருங்கள். கட்டிடமே நெட்டில் இருக்கும் நேரம் அது. அப்போது படம் சுற்றாமல் ஓடினால் நல்ல இணைப்பு. பிறகு பழையதை மூடலாம். ஒரு மாதம் இரண்டு பில் வரும். அது தண்டச்செலவு அல்ல. ஜூன், ஜூலையில் மாற்றாமல் இருப்பது உத்தமம். மழையில் கம்பத்தில் ஏற ஆள் கிடைக்காது.

பழைய கம்பெனிக்கு பாங்கியிலிருந்து மாதாமாதம் தானாகப் பணம் போகும்படி ஏற்பாடு செய்திருந்தால் அதையும் நிறுத்த வேண்டும். ஒயரை அவிழ்த்தாலும் அது தன்பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும்.

கடைசியாக ரிமோட். ஒவ்வொரு கம்பெனியிலும் சேனல் எண் வேறு. பத்து வருடமாக விரலுக்குப் பழகிய எண்ணை அழுத்தினால் போஜ்புரிப் பாட்டு வரும். நெட் டி.வி.யில் எண்ணே இராது. அம்புக்குறியை நகர்த்தித் தேட வேண்டும். மாற்றிய அன்று மாலை லீவு போட்டாவது வீட்டில் இருந்து, பெரியவர்கள் கையில் ரிமோட்டைக் கொடுத்து நாலைந்து தடவை பழக்கிவிடுங்கள். பார்க்கிற ஆறேழு சேனலின் பெயரையும் எண்ணையும் காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் தமிழில் பெரிதாக எழுதி, டி.வி.க்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டுங்கள். கண்ணாடி இல்லாமல் தெரிகிற அளவு எழுத வேண்டும்.